குழைந்த சோறும் குழையாத பொங்கலும்

போன வாரம் ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். ஆடுதுறையைத் தாண்டி கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. கையில், துண்டில் சுற்றிய என் சொந்தக் கரண்டி.

ரோட்டில் நடப்பவனை இப்போதெல்லாம் யாரும் நம்புவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? பைக்கில் போனால் வேலையாகப் போகிறான். பஸ்ஸுக்கு நின்றால் ஊருக்குப் போகிறான். சும்மா நடந்தால்? என்னவோ செய்துவிட்டுப் போகிறான்!

ஒருவர் பைக்கை மெதுவாக்கி என் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார்.

"எந்த ஊருக்கு?"

"நாகூர் பக்கங்க."

"நடந்தா?"

"வண்டி கெடைக்கிற வரைக்கும் நடக்கலாம்னு."

"எங்கேருந்து வர்றீங்க?"

"திருவிடைமருதூர் பக்கத்துல ஒரு வீட்டுல சமையல் வேலைங்க. வுட்டுட்டேன்."

"ஏன்?"

"ஒத்துவரலங்க."

அவர் என் பையைப் பார்த்தார். கரண்டி சுற்றிய துண்டைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்… போனார் என்றால், அடுத்த வளைவு வரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சந்தேகம் சரிதான். நான் என்னவோ செய்துவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரியில் கிளீனர், கோடியக்கரைப் பக்கம் உப்பளம், கல்யாணச் சமையலில் காய் நறுக்குவது என்று ஓடியே ஐம்பது வயதாகிவிட்டது. ஒரே இடத்தில் மூன்று மாதம் இருந்தால் கால் அரிக்கும். ஆனால் அந்த வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். ஆடியில் போனேன், மாசியில் கிளம்பினேன். எனக்கே அது ரெக்கார்டு.

வீட்டில் இரண்டே பேர். ஐயாவுக்கு எழுபது வயது. சொந்த நிலம், சொந்த நெல். அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தது. காரம் கூடாது, எண்ணெய் கூடாது, எளிதில் செரிக்கிற சாப்பாடுதான். பிள்ளைகள் வெளிநாட்டில். பாத்திரம் தேய்த்து வீடு பெருக்க, தெற்குத் தெருவிலிருந்து செல்வி என்று ஒரு பெண் வருவாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். வாய் கொஞ்சம் நீளம்.

"மாஸ்டர், இன்னிக்கு ரசமா, இல்ல வெந்நீருல மஞ்சத்தூளா?" என்பாள்.

அம்மாவுக்காகக் காரம் குறைத்து வைத்த ரசம் அது. அவளுக்குக் கிண்டல்.

அந்த எட்டு மாதமும் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணச் சமையலில் பருவம் கிடையாது. ஆடியானாலும் தையானாலும் அதே சாம்பார், அதே பொரியல். ஆனால் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் நின்று பார்த்தால்தான் மாதம் மாறுவது தெரிகிறது. ஆடிக் காற்றில் சோறு சட்டென்று ஆறிவிடும். துவையல் அரைத்துச் சுடச்சுடப் போட வேண்டும். ஐப்பசியில் காய்கறிக்காரர் சைக்கிள் வராது. மணத்தக்காளி வற்றல், சுட்ட அப்பளம், மிளகு ரசம்… ஒரு வாரத்தை அப்படியே ஓட்டலாம். மார்கழியில் தயிர் தோயாது. பால் பாத்திரத்தைத் துணி சுற்றி அடுப்போரம் வைத்துக் கெஞ்ச வேண்டும். தையில் மொச்சையும் பரங்கியும் வந்து விழும்.

எளிய சமையல் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதுதான் சந்தேகம் பிடித்த சமையல். மசாலா போட்டு மறைக்க வழியில்லை. அதனால் ஒவ்வொன்றையும் சந்தேகப்பட வேண்டும். மழைக்காலக் கீரையில் மண் இருக்கும், பூச்சி இருக்கும். வெளியே பளபளக்கிற கத்தரிக்காய்க்குள் யாரோ குடியிருப்பார்கள். மாசியில் வருகிற புதுப்புளி பார்க்க அழகாக இருக்கும். பழைய புளி அளவுக்குக் கரைத்தால் பல் கூசும்.

இப்படி எட்டு மாதம் கத்தரிக்காயைச் சந்தேகப்பட்டவன், மனிதர்களிடம் வந்தபோது எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்விட்டேன்.

அந்த வீட்டில் புது அரிசி சாப்பிட மாட்டார்கள். தை அறுவடையில் வருகிற நெல் பொங்கலுக்கு ஒரு படி, அவ்வளவுதான். மீதி மூட்டையில் கிடக்கும். சாப்பாட்டுக்குப் போன வருட நெல்தான். புது அரிசி சட்டென்று குழையும், வயிற்றில் கல் மாதிரி உட்காரும். பழைய அரிசி நின்று வேகும், வடித்தால் உதிரி உதிரியாக நிற்கும். அம்மாவின் வயிறு அந்தப் பழைய அரிசியை நம்பித்தான் தேறிக்கொண்டிருந்தது.

மாசி பிறந்து மூன்றாம் நாள். டிரம்மில் இருந்த அரிசி தீர்ந்து, மில்லில் அரைத்து வந்திருந்த மூட்டையைப் பிரித்தேன். வழக்கம்போல் உலையில் போட்டேன். வழக்கமான நேரத்துக்கு வடிக்கப் போனால்… களி! கஞ்சி வடியவே இல்லை. கரண்டி நட்டால் நிற்கிறது.

ஒரு நாள் என்றால் என் தப்பு. மறுநாள் சீக்கிரம் இறக்கினேன். அப்போதும் பிசுபிசுப்பு. அதைச் சாப்பிட்டு அம்மாவுக்கு வயிறு உப்பி, இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. டாக்டர் வந்துவிட்டுப் போனார்.

ஐயா சமையலறை வாசலில் வந்து நின்றார். அதுவரை அங்கே வந்ததில்லை.

"இது எங்க வீட்டு அரிசி இல்லப்பா."

"எனக்கும் அப்படித்தான் படுதுங்க."

"மூட்டை உள்ரூம்ல இருக்கு. யாரோ நல்லத எடுத்துட்டு இதப் போட்டிருக்காங்க. உள்ரூமுக்குப் போறது யாரு?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான் வந்தது. நாடோடியாகத் திரிகிறவனுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. எந்த ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் என் பையைத்தான் திறப்பார்கள். எத்தனை முறை திறந்து காட்டியிருக்கிறேன்! திறந்து காட்டுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவன், அடுத்தவரைத் திறந்து காட்ட வைக்க மாட்டான் என்றுதானே நினைப்பீர்கள்?

நான் சொன்னேன்: "நான் ஒண்ணும் சொல்லலீங்க ஐயா. செல்வி தினம் போறப்ப வயர் கூடையில துணி போட்டு மூடி என்னமோ எடுத்துக்கிட்டுப் போவுது. என்னன்னு நான் கேட்டதில்ல…"

ஒருவரைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது. 'நான் ஒண்ணும் சொல்லல' என்று ஆரம்பிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஐயாவுக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் இரண்டு பேரில், தெற்குத் தெருக்காரியைச் சந்தேகப்படுவதுதான் அவருக்கு எளிது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதை எழுதிப் பிரயோஜனமில்லை.

அன்று மதியம் செல்வி கூடையோடு கிளம்பும்போது ஐயா முற்றத்தில் மறித்தார்.

"கூடையில என்ன?"

செல்வி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பரங்கித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பூ மடல். கூடவே ஒரு பிளாஸ்டிக் கேன். அதையும் திறந்து ஊற்றினாள். அரிசி கழுவிய தண்ணீர். முற்றம் முழுக்க வெள்ளையாக ஓடியது.

"என் ஆட்டுக்கு. அம்மாகிட்ட கேட்டுத்தான் எடுக்குறேன்."

ஐயா கொஞ்சம் தடுமாறினார். ஆனால் தடுமாறிய மனிதர்தான் அதிகம் பிடிவாதம் பிடிப்பார்.

"இன்னிக்கு இது. முந்தாநாளு என்ன கொண்டுபோன?"

இதற்கு யார் பதில் சொல்ல முடியும்? சந்தேகம் வந்துவிட்டால் காலிக் கூடைகூடச் சாட்சியாகிவிடுகிறது. இன்றைக்குக் காலி என்றால், நேற்று நிறைந்திருந்தது என்று அர்த்தம்!

"முந்தாநாளு உங்க மானத்த கொண்டுபோனேன்" என்றாள் செல்வி. "நாளையிலேருந்து நீங்களே தேச்சுக்குங்க."

மூன்று நாள் நான்தான் பாத்திரம் தேய்த்தேன். தெற்குத் தெருவில் விஷயம் பரவி, அவள் வேலை செய்த இன்னொரு வீட்டிலும் வேண்டாம் என்றுவிட்டார்களாம். அரிசித் திருடி என்று ஒரு பெயர் வந்துவிட்டால் எந்த வீட்டு அடுப்படிக்குள் விடுவார்கள்? எனக்கு உறுத்தவில்லையா என்று கேட்பீர்கள். முதல் இரண்டு நாள் உறுத்தவில்லை. மற்ற நாளில் கழனித்தண்ணிக்கு அடியில் அரிசியை வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவுதான் என் லட்சணம்.

மூன்றாம் நாள் மதியம் உப்பு வாங்கப் போனேன். மில்லுக்கு எதிரே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கொட்டகை உண்டு. அங்கே ஒரு ஆள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். தங்கராசு என்று பெயர், பக்கத்து ஊர்க்காரர்.

"புது அரிசிங்க! எங்க வயல்ல போன மாசம் அறுத்தது. கோயில் பொங்கலுக்கு வெச்சா குழையவே மாட்டேங்குது. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியா நின்னு என்ன மொறைக்குது. சாமியே சாப்புடாது!"

"தண்ணி கொறைச்சலா வெச்சிருப்பாங்க" என்றார் கொட்டகைக்காரர்.

"தண்ணியா? கொளத்தையே ஊத்திட்டோம். எம் பொண்டாட்டிதான் புது அரிசிய அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு, அங்கேருந்து பழசக் கொண்டாந்து வெச்சிருக்கா. கேட்டா சண்ட. ஒரு வாரமா பேச்சு இல்ல எங்களுக்குள்ள."

நான் அவர் பக்கமாகத் திரும்பினேன்.

"அண்ணே, எப்ப அரைச்சீங்க?"

"தை கடைசி செவ்வாக்கெழம. இந்த மில்லுதான். ஏன்?" அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஏங்க… அன்னிக்கு நீங்களுந்தான எம் பக்கத்துல உக்காந்து தின்னீங்க! கெளுத்தி மீன் கொழம்பு!"

ஆமாம். நான்தான்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மில்லுக்கு நெல் கொண்டுபோனால், நம் நெல் மேலே கொட்டுவதிலிருந்து கடைசித் தவிடு விழும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். மூட்டைக்கு ஐயா நீலத்துணி கட்டித்தான் அனுப்பினார். ஆனால் அடையாளம் சாக்குக்குத்தானே? நெல்லைக் கொட்டிவிட்டால் காலிச் சாக்கு தனியாகக் கிடக்கும். எந்த அரிசியை எந்தச் சாக்கில் பிடிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் ஆள். ஐயா என்னை அனுப்பியதே அதற்காக. "எழுந்திரிக்காத" என்று இரண்டு முறை சொன்னார்.

நானும் எழுந்திருக்கவில்லை. எதிர்க் கொட்டகையிலிருந்து அந்த வாசனை வரும்வரை. தை கடைசி. வாய்க்காலில் தண்ணீர் வற்றி, சேற்றிலிருந்து பிடித்த கெளுத்தி. வருடத்தில் அந்தச் சில வாரம்தான் அந்த ருசி. எட்டு மாதம் காரமில்லாத ரசம் வைத்தவனின் நாக்கை நினைத்துப் பாருங்கள். இருபது நிமிடம். என் பக்கத்துப் பெஞ்சில் இன்னொருவரும் அதே குழம்பில் விரலை நக்கிக்கொண்டிருந்தார். அந்த மில்லில் அன்று இடத்தை விட்டு எழுந்தவர்கள் இரண்டே பேர். எங்கள் நெல்தான் அடுத்தடுத்து வரிசையில் இருந்தது. அவருடைய புது அரிசி எங்கள் சாக்கில், எங்கள் பழைய அரிசி அவர் சாக்கில்.

திரும்பி நடக்கும்போது ஒரு யோசனை ஓடியது. இது எனக்கும் தங்கராசுவுக்கும் மட்டும்தானே தெரியும்? அவருக்கும் இன்னும் முழுதாக விளங்கவில்லை. இப்படியே ஊரை விட்டுக் கிளம்பினால் என்ன? கிளம்புவது எனக்குப் புதிதா? பாலம் வரை வந்துவிட்டேன். அங்கே நின்று… எட்டு மாதம் பழகியதாலோ என்னவோ, செல்வி முற்றத்தில் கேனைத் திறந்து ஊற்றியது கண்ணில் வந்து நின்றது. திரும்பிப் போய் தங்கராசுவைப் பிடித்து, அவர் வீட்டிலிருந்து ஒரு படி அரிசி வாங்கிக்கொண்டு ஐயாவிடம் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஐயா நம்பவில்லை!

"அவளக் காப்பாத்தக் கத கட்டுற. உனக்கும் அவளுக்கும் என்ன?"

பொய் சொன்னபோது அரை நிமிடத்தில் நம்பியவர். உண்மைக்கு அவருக்குச் சாட்சி தேவைப்பட்டது.

பேசிப் பயனில்லை என்று அடுப்படிக்குப் போனேன். ஒரே அளவில் இரண்டு பானை. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு தீ. ஒன்றில் வீட்டு மூட்டை அரிசி, இன்னொன்றில் தங்கராசு வீட்டு அரிசி. ஐயா நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார், நான் கண்கட்டு வித்தை செய்துவிடுவேனோ என்று. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டையும் இறக்கினேன். ஒன்று களி. இன்னொன்று மல்லிகைப்பூ மாதிரி.

அம்மா அந்த உதிரிச் சோற்றில் நாலு பருக்கையை வாயில் போட்டார்கள். மென்றார்கள்.

"இது நம்ம அரிசிங்க" என்றார்கள் ஐயாவிடம். பிறகு என்னிடம் திரும்பி, "மில்லுல ஒக்காரச் சொன்னா எங்கய்யா போன?"

"சாப்பிடப் போனேங்கம்மா."

"சமைக்கிறவன் வெளிய போயா சாப்புட்ட?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை அம்மாவே செல்விக்குப் போன் போட்டார்கள். ஐயா தெற்குத் தெருவுக்குப் போய், அவள் வேலையிழந்த இன்னொரு வீட்டிலும் நடந்ததைச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று அனுப்பியும் வைத்தார்கள். போனார். முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. தங்கராசு வந்து மீதி அரிசியை மாற்றிக்கொண்டு போனார். "இப்ப நான் எம் பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேக்கணுமா?" என்று என்னையே கேட்டார், நான்தான் குற்றவாளி என்பதுபோல.

அதற்கு மறுநாள் காலை செல்வி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள்.

"வர்றேம்மா. ஆனா பாத்திரம் தேய்க்க இல்ல. சமைக்க."

"ஒனக்கு எம் பத்தியச் சமையல் தெரியுமா?"

"எட்டு மாசமா பாத்திரம் கழுவுறேன். என்ன வெச்சாங்க, எது கூட, எது கொறச்சல்னு எனக்குத் தெரியாதா? இன்னொண்ணு… அந்தாளு இருக்குற வீட்டுல நான் கால் வெக்க மாட்டேன்."

அந்தாளு நான். அம்மா ஒரு நிமிடம் யோசித்தார்கள். ஒரே ஒரு நிமிடம். பிறகு சரி என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது செல்வி ஒதுங்கி வழிவிட்டாள்.

"மாஸ்டர்."

"என்ன?"

"கெளுத்தி நல்லாருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். பொய் சொல்ல அன்று தெம்பில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் என் பழைய இடத்தில் பானை உருளும் சத்தம் கேட்டது.

அன்றைக்குத்தான் நான் ஆடுதுறையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது. வைக்கோல் லாரி ஒன்று மயிலாடுதுறை வரை ஏற்றிக்கொண்டது. அங்கிருந்து பஸ். சாயங்காலம் நாகூர்.

மறுநாள் காலை தர்கா பக்கம் ஒரு மெஸ்ஸில் போய் வேலை கேட்டேன். மெஸ் நடத்துகிற பாய் நிதானமான மனிதர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கடைசியா வேல பாத்த வீட்டு நம்பர் இருக்கா?"

அம்மாவின் நம்பர் மட்டும்தான் எனக்கு மனப்பாடம். சொன்னேன். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது, அம்மாவின் போன் பகலெல்லாம் அடுப்படி அலமாரியில்தான் இருக்கும். பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"அலோ… யாரு?" செல்வியின் குரல்.

பாய் என்னைப் பற்றி விசாரித்தார். அந்தப் பக்கம் எதையோ தாளிக்கிற ஓசை மட்டும் கேட்டது. 'நான் ஒண்ணும் சொல்லல' என்று ஆரம்பித்தாளானால் என் கதை முடிந்தது.

"சமையல் நல்லா பண்ணுவாருங்க. சுத்தம். ஒரு பருக்க திருட மாட்டாரு" என்றாள். "வாயத்தான் நம்பக்கூடாது." போனை வைத்துவிட்டாள்.

நான் அவளைப் பற்றிச் சொன்னதில் சொல்லெல்லாம் உண்மை, அர்த்தம் மட்டும் பொய். அவள் என்னைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பாய் தாடியைத் தடவினார்.

"சமையக்கட்டுல ஏற்கெனவே ஆறு பேரு இருக்காங்க. அங்க உங்கள வுட்டா எனக்குத் தலவலி. பின்னால அண்டா கெடக்கு. தனியா ஒக்காந்து தேய்க்கிற வேல. பக்கத்துல பேச ஆள் கெடையாது. சம்மதமா?"

"சம்மதங்க பாய்" என்று சொல்லி, முதல் அண்டாவை இழுத்தேன்.